கராஜில் கிடக்கும் ஸ்பிட்ஃபயர்: இனி எதையும் கழற்றாதீர்கள்

கேள்வி: என்னிடம் 1978 மாடல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500 இருக்கிறது, இரண்டு பேர் உட்காரும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அப்பா சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓட்டியவர். அந்த ஆசையில் 2007-இல் வாங்கினேன். பானெட், சீட், கார்புரேட்டர், டாஷ்போர்டு வரை கழற்றிய பிறகு குழந்தை, வேலை, வீடு மாற்றம் என்று அப்படியே நின்றுவிட்டது. இப்போது எஞ்சின் சுற்றவே இல்லை. பாடியைச் சேசிஸிலிருந்து, அதாவது அடிச்சட்டத்திலிருந்து, தூக்கி அடியிலிருந்து முழுசாகச் செய்யலாமா? எஞ்சினில் தொடங்கலாமா? பேசாமல் விற்றுவிடலாமா? – வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: பாடியைத் தூக்காதீர்கள். இப்போதைக்குப் புதிதாக ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். பாதியில் நின்றுபோன பழைய கார்கள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன. துரு செய்த சேதத்தைவிட, உற்சாகத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டதால் வந்த சேதமே அவற்றில் அதிகம். பிரித்துப் போட ஒரு வாரக் கடைசி போதும், திரும்பக் கோக்க வருடங்கள் ஆகும். நீங்கள் அந்தப் பாதையில் ஏற்கெனவே பாதி தூரம் போயிருக்கிறீர்கள்.

ஸ்பிட்ஃபயர் விஷயத்தில் பாடியைத் தூக்காமல் இருக்க இன்னொரு வலுவான காரணமும் உண்டு. உங்கள் கார் அப்பா ஓட்டிய ஹெரால்டின் தம்பி. இரண்டையும் வரைந்தவர் இத்தாலியின் மிக்கலோட்டி. ட்ரையம்ப் ஹெரால்டு (இந்தியாவில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு) 1959-இல் வந்தது. அதே சேசிஸைக் குட்டையாக்கி 1962-இல் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். குட்டையாக்கியபோது ஹெரால்டு சேசிஸின் இரு ஓரங்களிலும் ஓடிய இரும்புச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். அவை தாங்கிய பாரத்தைக் கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டி போன்ற தகடு தாங்குகிறது. இங்கே அதைச் சில் என்பார்கள். ஹெரால்டில் அந்த இடத்துத் தகடு துருப்பிடித்தால் அழகுதான் கெடும். ஸ்பிட்ஃபயரில் காரே நடுவில் தொய்ந்துவிடும். சில் அரித்த பாடியைச் சேசிஸிலிருந்து தூக்கினால் அது தூக்கும்போதே வளையும். பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது.

ஆகவே முதல் வேலை, ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு காருக்கடியில் போவது. ஜாக்கியைச் சில்லில் வைக்காமல் சேசிஸில் வையுங்கள். ஸ்டாண்டு இல்லாமல் அடியில் தலையை நீட்டாதீர்கள். சில்லின் முன் முனை, பின் முனை, கதவுக்கு நேர் கீழே நடுப்பகுதி என்று மூன்று இடத்திலும் குத்திப் பாருங்கள். நல்ல தகடு டங் என்று சொல்லும். பட்டி பூசி மறைத்தது மொத்தென்று கேட்கும், நுனியும் உள்ளே போகும். அடுத்து சீட்டுக்குப் பின்னால் தரை மேலேறும் இடம். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் அங்கேதான் பாடியில் மாட்டியிருக்கிறது. அங்கே துரு இருந்தால் வெல்டிங் செய்யாமல் கார் ரோட்டுக்கு வரக் கூடாது. சேசிஸின் முன்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ட்ரையம்ப் எஞ்சின் வருடக்கணக்கில் ஒழுக்கிய ஆயில் அதைக் காப்பாற்றியிருக்கும். எஞ்சின் ஒழுக்கால் கிடைக்கும் ஒரே நன்மை இதுதான்.

கதவின் இடைவெளியையும் பாருங்கள். பின் விளிம்பில் மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் பாடி தொய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை இந்தச் சோதனைக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். இரண்டு பக்கச் சில், ரேடியஸ் ஆர்ம் மாட்டும் இடம், சேசிஸின் பின்பகுதி மூன்றும் போயிருந்து, வெல்டிங்கை வெளியாளிடம் கொடுக்கவேண்டிய நிலையும் இருந்தால், செலவு காரின் விலையைத் தாண்டும். ஓடுகிற நல்ல ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்குவதே மலிவு. அப்படி விற்பதானால் கழற்றிய பாகங்கள் எல்லாவற்றோடும் ஒரே காராக விற்றுவிடுங்கள். துண்டு துண்டாக விற்கப் போனால் நல்லதெல்லாம் போய்விடும், வெறும் கூடு உங்கள் கராஜிலேயே தங்கும்.

துரு அவ்வளவு தூரம் போகாமல் இருந்தால், தாராளமாகத் தொடருங்கள். பாடி சேசிஸில் மாட்டியபடியே இருக்கட்டும். கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து இறுக்கிய பிறகே பழைய சில்லை வெட்டவேண்டும். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம். உள் சில், நடுவில் நிற்கும் பலத்தகடு, வெளிச் சில் என்று மூன்று அடுக்கு. வெளித்தகட்டை மட்டும் மாற்றிப் பெயின்ட் அடித்த கார்கள் ஏராளம். டிங்கரிங் செய்பவர் அப்படிச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். புதுத் தகட்டை முழுசாக வெல்டு செய்வதற்கு முன் கதவை மாட்டிச் சாத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, எஞ்சின். ஜாமாகி நிற்கிற எஞ்சினை ஸ்டார்ட்டரால் உலுக்காதீர்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் விட்டு, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். இடையில் இன்னொரு முறை விடலாம். பிறகு எஞ்சினின் முன்னால் பெல்ட் ஓடும் புல்லியின் நட்டில் நீளமான ஸ்பானர் போட்டு முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். கொஞ்சம் அசைந்தால் போதும், மீதி தானாக வரும். எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரையும் எடுத்துவைத்து, சுற்றும்போது எட்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரு வால்வு ஒட்டியிருந்தாலும் அதை இயக்கும் புஷ்ராட் கம்பி வளைந்துவிடும்.

எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும் உடனே ஓட்டிப் பார்க்க மனம் துடிக்கும். அதற்கு முன் ஒரு சோதனை. உள்ளே உட்கார்ந்து ஒருவர் கிளட்ச் மிதிக்கட்டும், நீங்கள் புல்லியைப் பாருங்கள். மிதிக்கும்போது புல்லி முன்னோக்கி நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின் பேரிங்கில் இருக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான் அசைவு இருக்கலாம். அரை வட்டமான இரண்டு சின்னத் தகடுகள்தான், விலையும் பெரிதில்லை. ஆனால் தேய்ந்து சம்ப்பில், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில், விழுந்த பிறகு ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே அரித்துவிடும். எஞ்சினை இறக்காமலே, சம்ப்பையும் பின் பேரிங் மூடியையும் எடுத்துப் புதிதாகப் போடலாம். இந்த எஞ்சினில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. பெடலை ஒரு கட்டையால் அழுத்தி வைத்துச் சில நாள் விட்டால் பல சமயம் விடும். விடாவிட்டால் கியர்பாக்ஸை எடுக்கவேண்டும். ஸ்பிட்ஃபயரில் அது காருக்குள்ளிருந்தே வெளியே வரும். சீட்டும் டாஷ்போர்டும் ஏற்கெனவே வெளியே இருப்பதால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

பெட்ரோல் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேங்கில் இருப்பதைக் கொட்டிவிட்டு, உள்ளே துரு இருக்கிறதா என்று பாருங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களை அது கரைக்கும். ஆர்9 தரக் குழாய்களாக எல்லாவற்றையும் மாற்றி, இ5 சூப்பர் பெட்ரோல் போடுங்கள்.

பிரேக்கில் மட்டும் எதையும் ‘பார்க்க நல்லாத்தான் இருக்கு’ என்று விடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இத்தனை வருடத்தில் மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டர்களும் உள்ளே துருப்பிடித்திருக்கும், ரப்பர் ஹோஸ் உட்பக்கம் வீங்கியிருக்கும். எல்லாம் புதிது. டயரும் அப்படியே. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் வாரமும் வருடமும். 2007-க்கு முந்தியது என்றால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன், ஹெரால்டிலும் இதே அமைப்பு. செங்குத்தான இரும்புத் தண்டின் மரை, வெண்கலப் பாகத்துக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரைதான் சுழலும். அங்கே கிரீஸ் அடிக்கக் கூடாது. அது மரைக்குள் முழுசாகப் போகாது, உள்ளே ஈரம் தங்கித் தண்டு அரிக்கும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். இபி90 கியர் ஆயில்தான் போடவேண்டும். பழைய தண்டுகளைக் கழற்றி மரையின் அடியில் அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசை, கலந்துவிடாதீர்கள்.

காகித வேலையையும் இப்போதே தொடங்குங்கள். வீடு மாறியிருக்கிறீர்கள், வி5சி என்ற வண்டிப் பதிவுப் புத்தகத்தில் பழைய முகவரியே இருக்கும், மாற்றுங்கள். ரோட்டில் ஓடாத வண்டி என்ற அறிவிப்பு நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 40 வருடம் தாண்டிய கார் என்பதால், வரலாற்று வகைக்கு மாற்ற விண்ணப்பித்தால் சாலை வரி கிடையாது. பெரிய மாற்றம் செய்யாதவரை வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று வருடந்தோறும் பார்க்கும் எம்ஓடி சோதனையும் கட்டாயம் இல்லை. இருந்தாலும் நீங்களாகவே ஒரு எம்ஓடி போட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் இருந்து, நேரம் முன்பதிவு செய்திருந்தால், ரோட்டில் ஓடாத வண்டி என்று அறிவித்த காரையும் அந்தச் சோதனைக்கு ஓட்டிப் போகலாம். உங்கள் வெல்டிங்கையும் பிரேக்கையும் இன்னொருவர் கண் பார்ப்பதற்கு அந்தக் கட்டணம் மலிவுதான். டாஷ்போர்டு, கார்பெட், பெயின்ட் எல்லாம் அது பாஸான பிறகு.