கோரையா, புல்லா? கற்றாழையா, யூக்காவா? வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒருவித்திலைத் தாவரங்களைப் பற்றியவை. படம் அனுப்பியவர்கள் அநேகமாகப் பூவை மட்டுமே எடுத்திருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் விடை பெரும்பாலும் பூவுக்கு அடியிலோ, இலை தண்டைத் தொடும் இடத்திலோதான் இருக்கும்.

நடவு முடிந்து பதினைந்து நாள் ஆகிறது. வயலில் நெல் எது, குதிரைவாலிக் களை எது என்று கதிர் வருமுன் கண்டுபிடிக்க முடியுமா? (திருத்துறைப்பூண்டி)

முடியும். மேலிருந்து இரண்டாவது இலையைப் பிடித்துத் தண்டிலிருந்து மெல்ல விலக்கி, இலை மடங்கும் இடத்தைப் பாருங்கள். நெல்லாக இருந்தால் அங்கே வெள்ளையான மெல்லிய சவ்வு நாக்கு மாதிரி நிற்கும். அதன் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். இரு பக்கமும் அரிவாள் போல வளைந்த, மயிர் முளைத்த இரண்டு சிறு செவிகள் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். குதிரைவாலிக் களையில் சவ்வும் இல்லை, செவியும் இல்லை. அந்த இடம் மொட்டையாக இருக்கும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் போதும். அடி இலையைப் பார்க்காதீர்கள், அதில் சவ்வு காய்ந்து உதிர்ந்திருக்கும்.

அடித்தண்டு சிவப்பாக இருந்தால் களை, இலையில் ஊதாப் பட்டை இருந்தால் களை என்று சொல்வதை நம்பிப் பிடுங்காதீர்கள். சில நெல் ரகங்களுக்கே அடித்தண்டு ஊதாதான். பட்டையில்லாத குதிரைவாலியும் உண்டு. வரிசையில் நிற்பதெல்லாம் நெல் என்பதும் தப்புக் கணக்கு. நாற்றங்காலிலேயே முளைத்த களை நாற்றுமுடியோடு சேர்ந்து வந்து, நட்டவர் கையாலேயே வரிசையில் நடப்பட்டிருக்கும். களையெடுப்பில் தப்புவது பெரும்பாலும் இதுதான்.

ஒரு எச்சரிக்கை: காட்டு நெல்லுக்கு இந்தச் சோதனை உதவாது. அதுவும் நெல்லினமே என்பதால் சவ்வும் செவியும் அதற்கும் உண்டு. கதிர் வந்தபின் நீண்ட மீசை, தொட்டால் உதிரும் மணி, உரித்தால் சிவந்த அரிசி, இவற்றை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

புல்லுக்கு மருந்து அடித்தேன். மற்றதெல்லாம் காய்ந்தது, ஒன்று மட்டும் அசையவில்லை. ஏன்?

அது புல் இல்லை, கோரை. தண்டை இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டுப்படும். குறுக்கே வெட்டினால் உள்ளே கெட்டியாக இருக்கும். பூத்தண்டு முழுக்கக் கணு இருக்காது. மேலிருந்து பார்த்தால் இலைகள் மூன்று திசையில் போகும். புல்லில் இரண்டு திசைதான். இலையுறையும் கோரையில் மூடிய குழாய், புல்லில் பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்திருக்கும். உருண்டைத் தண்டுள்ள கோரைகளும் உண்டு, கரும்பு, சோளம் போல உள்ளே கெட்டியான புல்லும் உண்டு. ஆகவே முக்கோணத்தை மட்டும் நம்பாமல் கணுவையும் சேர்த்துப் பாருங்கள்.

குயிசலோஃபாப், ஃபெனாக்சாப்ராப் வகை மருந்துகள் புல்லை மட்டுமே கொல்லும், கோரையைத் தொடாது. அடுத்து, எந்தக் கோரை என்று பார்க்க மண்வெட்டியால் ஒரு செடியைத் தோண்டி எடுங்கள். கறுத்த, மணமுள்ள கிழங்குகள் நூலில் கோத்ததுபோல வந்தால் கோரைக்கிழங்குச் செடி, பூங்கொத்து செம்பழுப்பு. வெறும் சல்லிவேரும் மஞ்சள் பூங்கொத்துமாக இருந்தால் ஒருபருவக் கோரை. விதை விழுமுன் பிடுங்கினாலே அடங்கும். கிழங்குள்ளதைக் கையால் பிடுங்கினால் நூல் அறுந்து கிழங்கு மண்ணிலேயே தங்கும். அதுவரை உறங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் இணைப்பு அறுந்ததும் தனித்தனியே முளைக்கும். பிடுங்கப் பிடுங்கப் பெருகுகிறது என்று விவசாயிகள் சொல்வது மிகை அல்ல.

வேலியோரம் இருப்பது சோற்றுக் கற்றாழைதானா? முகத்துக்குப் பூசலாமா? நர்சரியில் "யூக்கா" என்று ஒன்று கொடுத்தார்கள், அதுவும் இதேபோல இருக்கிறதே?

உறுதியாகும்வரை பூசாதீர்கள். கற்றாழை என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு செடிகள் ஒளிந்திருக்கின்றன.

இலை நுனியைத் தொட்டுப் பாருங்கள். கறுத்த, ஊசிபோலக் கடினமான முள் இருந்தால் பெரும்பாலும் ஆனைக் கற்றாழை அல்லது நார்க்கற்றாழை. இரண்டும் அகேவ் இனம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் வேலிகளிலும் ரயில் பாதையோரங்களிலும் நிலைத்தவை. இலையை ஒடித்து இழுத்தால் வெள்ளை நார் வலுவாக வரும். நடுக் குருத்து கூம்பாக இறுகிச் சுருண்டிருக்கும். ஆனைக் கற்றாழையில் ஓர் இலையின் முள் அடுத்த இலையில் பதிந்த தழும்புகூடத் தெரியும். இதன் சாற்றில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் உள்ளன. தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். பட்டுவிட்டால் தேய்க்காமல் சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள்.

சோற்றுக் கற்றாழையின் நுனி கையைக் குத்தாது. ஓரப் பற்கள் சிறியவை, மென்மையானவை. ஒடித்தால் நார் வராது, வழவழப்பான சோறு வரும். இளஞ்செடியில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். தோலுக்கு அடியில் வரும் மஞ்சள் பால் பேதியாக்கும். வெட்டிய இலையை வெட்டுவாய் கீழே இருக்கும்படி 10–15 நிமிடம் சாய்த்து வைத்து அதை வடித்துவிடுங்கள்.

யூக்காவின் இலையில் சதை கிடையாது. வாள் மாதிரி மெலிந்து விறைத்திருக்கும். ஓரத்தில் கொக்கி முள் இல்லை. வயதான செடிக்கு மரம்போலத் தண்டு எழும்.

பூத்துவிட்டால் குழப்பமே வேண்டாம். யூக்காவில் வெள்ளை மணிகள் தலைகீழாகத் தொங்கும். பின்னால் காயாக மாறும் சூற்பை இதழுக்கு மேலே, பூவுக்குள்ளேயே இருக்கும். அகேவில் பூ நிமிர்ந்து நிற்கும். சூற்பை இதழுக்குக் கீழே. சோற்றுக் கற்றாழையில் மஞ்சள் குழல்கள் தொங்கும், ஆண்டுதோறும் பூக்கலாம். அகேவோ பல ஆண்டு காத்திருந்து, கம்பம்போல ஒரே ஒரு பூந்தண்டை விட்டு, தாய்ச்செடி செத்துப்போகும். நார்க்கற்றாழையில் அந்தக் கம்பத்திலேயே குட்டிச்செடிகள் முளைத்து உதிரும். மாலை கட்டும் நிலச்சம்பங்கியையும் இப்போது தாவரவியலாளர்கள் அகேவ் பேரினத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராது.

தோட்டத்தில் தோண்டிய கிழங்கு வள்ளிக்கிழங்கா, கண்வலிக்கிழங்கா?

கொடி இருக்கும்போது முடிவு செய்யுங்கள், வெறும் கிழங்கை வைத்து வேண்டாம். கண்வலிக்கிழங்கு என்பது நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு. அதன் இலை நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகும். நரம்புகள் இணையாக ஓடும். வள்ளிக்கொடியில் பற்றுக்கம்பியே கிடையாது. தண்டுதான் சுற்றி ஏறும். இலை இதய வடிவம், பெரிய நரம்புகளுக்கு இடையே வலைப்பின்னல் இருக்கும். ஒருவித்திலை என்றால் இணை நரம்பு என்று பள்ளியில் படித்ததற்கு வள்ளி ஒரு விலக்கு.

கண்வலிக்கிழங்கு பெரும்பாலும் கலப்பைபோல இரண்டு கிளையாக வளைந்திருக்கும்; கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அதனால்தான். ஒரு கிளை முறிந்து வந்தால் சாதாரணக் கிழங்கு மாதிரித் தோன்றும், விபத்து அங்கேதான் நடக்கிறது. இதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல் மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரெயின் லில்லி, ஸ்பைடர் லில்லி, வாட்டர் லில்லி: எது உண்மையான லில்லி?

மூன்றும் இல்லை. வாட்டர் லில்லி என்பது ஆம்பல், ஒருவித்திலைத் தாவரமே அல்ல. மற்ற இரண்டும் அமரில்லிஸ் குடும்பம்: இலையில்லாத பூந்தண்டு, இதழுக்குக் கீழே சூற்பை, வெங்காயம்போலத் தோல் போர்த்திய கிழங்கு. உண்மையான லில்லிக்கு இலையோடு கூடிய நிமிர்ந்த தண்டு, பூவுக்குள் சூற்பை, பூண்டுப்பல்போலச் செதில் செதிலான கிழங்கு. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளியில் வெள்ளை ஊதுகுழலாகப் பூக்கும் நீலகிரி லில்லி அப்படிப்பட்டது. அதைத் தோண்டாதீர்கள், படம் எடுத்தால் போதும்.

ஸ்பைடர் லில்லியில் மகரந்தத் தாள்களின் அடி சேர்ந்து ஒரு சவ்வுக் கிண்ணமாக இருக்கும். அதைப்போலவே தோன்றும் விஷமூங்கிலில் கிண்ணம் இல்லை, தாள்கள் தனித்தனி.

பூஜைக் கடையில் தர்ப்பை என்று தருவது எந்தப் புல்?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கதிர் பழுப்பாக, விறைப்பாக, குட்டைக் கிளைகளோடு இருந்தால் டெஸ்மோஸ்டாக்கியா. வெள்ளைப் பஞ்சுத் திரிபோல இருந்து, இலையின் நடு நரம்பும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் இம்பெராட்டா. ஆற்றங்கரையில் ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளிக் கொண்டையாக ஆடுவது நாணல்.

அடையாளம் கேட்டு அனுப்ப எதை எடுக்க வேண்டும்?

முழுச் செடி, இலை தண்டைத் தொடும் இடம், பூவை நீளவாக்கில் பிளந்த வெட்டு, வேர் அல்லது கிழங்கு, பக்கத்தில் ஓர் அளவுகோல். புல், கோரையானால் முற்றிய கதிரும் வேண்டும். பூக்காத புல்லுக்குப் பெயர் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான். உலர்த்தி அனுப்புவதென்றால் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே கனம் ஏற்றுங்கள். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உயரமான புல்லை வெட்டாமல் 'வி' அல்லது 'என்' எழுத்தாக மடியுங்கள். தடித்த கிழங்கையும் கற்றாழை இலையையும் நீளவாக்கில் பிளந்து உள்சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு உலர்த்துங்கள். அகேவ் என்றால் கையுறையோடு. பூ நிறம், மணம், இடம், தேதி ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். காய்ந்த செடியில் நிறமும் மணமும் மிஞ்சாது.