யூரின் கல்ச்சரில் ‘இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்’: ஊசிதான் போட வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய். கிளைமெப்பிரைடும் டாபாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறார். ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு. முதல் இரண்டு முறையும் மருந்துக் கடையில் செஃபிக்ஸிம் வாங்கி மூன்று நாள் கொடுத்தோம். குறைந்தது, மறுபடி வந்தது. இப்போது கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ‘ஈ.கோலை, 1,00,000-க்கு மேல், இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. செஃபிக்ஸிம், செஃப்ட்ரையாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின் மூன்றுக்கும் ‘ஆர்’ (மருந்து கேட்காது). நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின், மெரோபெனம் இவற்றுக்கு ‘எஸ்’ (மருந்து கேட்கும்). மெரோபெனத்துக்கு எம்.ஐ.சி. 0.25, நைட்ரோஃபுரான்டாயினுக்கு 32 என்பதால் மெரோபெனம் ஊசிதான் வலுவானது, அதையே ஏழு நாள் போட வேண்டும் என்கிறார் உறவினர். காய்ச்சல் இல்லை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.9. போன மாதம் வேறொரு லேபில் ‘கேண்டிடா 10,000’ என்று வந்தது. அம்மா உடம்பில் இனி மருந்தே பிடிக்காதா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமா?
– வாசகி, கரூர்

பதில்: மருந்தை எதிர்ப்பது அம்மாவின் உடம்பு அல்ல, அவருடைய சிறுநீர்ப்பையில் இப்போது இருக்கும் கிருமி. அடுத்த முறை வேறு ஈ.கோலை வந்தால் அதற்குச் சாதாரண மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவலி எதுவும் இல்லாத நிலையில், நீங்கள் எழுதிய ரிப்போர்ட்டின்படி ஊசிக்கு அவசியம் தெரியவில்லை.

முதலில் அந்த எம்.ஐ.சி. கணக்கு. கிருமி வளராமல் தடுக்க ஒரு மில்லிலிட்டரில் குறைந்தது எத்தனை மைக்ரோகிராம் மருந்து வேண்டும் என்பதே அந்த எண். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி எல்லைக்கோடு உண்டு. நம் லேப்கள் பெரும்பாலும் பின்பற்றும் அமெரிக்க சி.எல்.எஸ்.ஐ. அளவுகோலில், ஈ.கோலைக்கு நைட்ரோஃபுரான்டாயின் 32 வரை ‘எஸ்’. மெரோபெனம் 1 வரைதான் ‘எஸ்’. சிப்ரோஃப்ளாக்சசினோ 1 வந்தாலே ‘ஆர்’. ஆகவே 32-ஐயும் 0.25-ஐயும் பக்கத்தில் வைத்து எது வலுவானது என்று முடிவு செய்வதில் அர்த்தமில்லை. ஒரே மருந்தின் எண்ணை அதன் எல்லையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

அடுத்து, இ.எஸ்.பி.எல். என்றால் என்ன? பெனிசிலின் வகையையும் செஃபிக்ஸிம், செஃப்ட்ரையாக்சோன் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களையும் உடைத்துப்போடும் ஒரு நொதி. கிருமியை விதைத்த தட்டில் அதே வகையைச் சேர்ந்த செஃபோடாக்சிம் மருந்து வில்லை ஒன்றும், கிளாவுலானிக் அமிலம் சேர்த்த செஃபோடாக்சிம் வில்லை ஒன்றும் வைப்பார்கள். இரண்டாவதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் முதலாவதைவிட 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் இ.எஸ்.பி.எல். உறுதி. கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியைக் கட்டிப்போடுவதால்தான் இந்த வித்தியாசம் தெரிகிறது. நைட்ரோஃபுரான்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும் முற்றிலும் வேறு வகை மருந்துகள். இந்த நொதியால் அவற்றைத் தொட முடியாது. சிப்ரோவையும் அது உடைப்பதில்லை. ஆனால் இந்தக் கிருமிகள் பெரும்பாலும் சிப்ரோவுக்கு எதிர்ப்பையும் சேர்த்தே சுமந்து வருகின்றன.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எஸ்’ போட்ட எல்லாமே சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொற்று எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் மட்டும் செறிந்து சேரும். ரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதிய அளவு எட்டாது. சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு அதைவிடப் பொருத்தமான மாத்திரை குறைவு. அதே தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால், ரிப்போர்ட்டில் ‘எஸ்’ என்று இருந்தும் அது பயன்படாது. அப்போதுதான் அமிகாசின், எர்டாபெனம், மெரோபெனம் ஊசிகளுக்கு வேலை.

வழக்கமான அளவு: நைட்ரோஃபுரான்டாயின் எஸ்.ஆர். 100 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டோடு, 5 நாள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சில மருத்துவர்கள் 7 நாள் தருவதுண்டு. சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் குறிக்கும் இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனவர்களுக்கு இது கூடாது. 0.9 கிரியாட்டினின் உள்ள 62 வயதுப் பெண்ணுக்கு அது 70-ஐ ஒட்டி இருக்கும் என்பதால் உங்கள் அம்மாவுக்கு அந்தத் தடை இல்லை. ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மருந்தின் நிறம் அது. இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: எரிச்சலுக்கென்று கூடவே எழுதிக்கொடுக்கப்படும் சிட்ரேட் சிரப். அது சிறுநீரைக் காரமாக்கும். நைட்ரோஃபுரான்டாயினோ அமிலத்தன்மையுள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மாத்திரை கேட்கவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை. மெக்னீசியம் டிரைசிலிகேட் கலந்த ஆன்டாசிட் மாத்திரைகளும் இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

நைட்ரோஃபுரான்டாயின் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பாக்கெட் இருக்கிறது. இரவு சிறுநீர் கழித்துவிட்டு, அரை டம்ளர் குளிர்ந்த நீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், வெந்நீர் கூடாது. ஒரே வேளை போதும். இ.எஸ்.பி.எல். என்றதும் ஃபாரோபெனம் மாத்திரை எழுதுவது நம் ஊரில் வழக்கமாகி வருகிறது. அந்த மருந்துக்கு சி.எல்.எஸ்.ஐ. எல்லைக்கோடே வகுக்கவில்லை. நைட்ரோஃபுரான்டாயின் ‘எஸ்’ ஆக இருக்கும்போது அதை எடுக்க நான் காரணம் காணவில்லை.

நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் இரண்டில் எது, எத்தனை நாள் என்பதை அம்மாவைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். செஃபிக்ஸிம் போல மறுபடி கடையில் கேட்டு வாங்காதீர்கள். அது 2014 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணை மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டின் பேரில் விற்றாலும் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டு முறையும் கல்ச்சர் எடுக்காததால், அப்போது இருந்ததும் இதே கிருமிதானா என்று இனிச் சொல்ல வழியில்லை.

இனி கேண்டிடா. இது பூஞ்சை. சிறுநீரில் இது வந்தாலே தொற்று என்று அர்த்தமில்லை. எண்ணிக்கையை வைத்துத் தொற்றையும் வெறுமனே தங்கியிருப்பதையும் பிரிக்கவும் முடியாது. பெண்களுக்குப் பெரும்பாலும் பிறப்புறுப்பிலிருந்து கலந்து வந்ததாகவே இருக்கும். சர்க்கரை நோயில் அது எளிதில் வளரும். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து, அதனால் அந்த இடத்தில் பூஞ்சை வருவது நன்கு தெரிந்த பக்கவிளைவு. அம்மாவுக்கு அங்கே அரிப்பு, சிவப்பு, தயிர் போன்ற வெள்ளைப்படுதல் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இருந்தால் குளோட்ரிமசோல் வைப்பு மாத்திரையே போதும். டாபாகிளிஃப்ளோசினைத் தொடர்வதா என்பதையும் சர்க்கரை மருத்துவரிடம் பேசுங்கள்.

பூஞ்சைக்கென்று ஃப்ளுகோனசோல் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். கிளைமெப்பிரைடு உடம்பில் கரைவதை அது தடுக்கும். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். தவிர, வெறும் ‘கேண்டிடா’ என்று எழுதிய ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான். ஆல்பிகன்ஸ் என்ற இனம் என்றால் ஃப்ளுகோனசோல் பெரும்பாலும் கேட்கும். குருசை என்ற இனம் இயல்பிலேயே அதற்குக் கட்டுப்படாது. கிளாப்ரேட்டாவுக்குக் கூடுதல் அளவு வேண்டும், சில சமயம் அதுவும் பலிக்காது. பிரித்தறிவது கஷ்டமில்லை: ரத்தச் சீரத்தில் 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் ஆல்பிகன்ஸ் முளைக்குழாய் விடும், இனத்துக்கேற்ப நிறம் காட்டும் குரோம் அகார் தட்டில் ஆல்பிகன்ஸ் பச்சையாகவும் டிராபிகாலிஸ் நீலமாகவும் வளரும். ஆரிஸ் என்ற இனத்தைப் பழைய கருவிகள் ஹெமுலோனியை என்ற வேறு இனமாகத் தவறாகக் காட்டிய வரலாறு உண்டு, அதற்குக் கிருமியின் புரதங்களை வைத்து இனம் காணும் மால்டி-டாஃப் கருவி நம்பகமானது. ஆனால் ஆரிஸ் பெரும்பாலும் ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில் இருந்தவர்களிடமும் டியூப் போட்டவர்களிடமும் வருவது. வீட்டில் நடமாடும் உங்கள் அம்மாவுக்கு அதை நினைத்துக் கவலை வேண்டாம்.

எந்த ரிப்போர்ட்டும் சாம்பிள் அளவுக்குத்தான் நல்லதாக இருக்கும். லேபில் ஒரு மைக்ரோலிட்டர் சிறுநீரைத் தட்டில் தேய்ப்பார்கள். அதில் நூறு புள்ளிகள் வளர்ந்தால் அதுவே ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000. சாம்பிளை வெயிலில் ஸ்கூட்டரில் மூன்று மணி நேரம் வைத்திருந்தால் கலந்து வந்த சில கிருமிகளும் பெருகி அந்த எண்ணைத் தொட்டுவிடும். ஆன்டிபயாடிக் தொடங்குமுன், வெறும் தண்ணீரில் கழுவி, இதழ்களை விலக்கிப் பிடித்து, முதல் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்புறத்தையோ மூடியின் உட்புறத்தையோ தொடக்கூடாது. 2 மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில், ஃபிரீசரில் அல்ல, 24 மணி நேரம் வரை வைக்கலாம். மூன்று வகைக் கிருமிகள் வளர்ந்திருந்தாலோ எபிதீலியல் செல்கள் (தோல், பிறப்புறுப்பின் மேற்பரப்புச் செல்கள்) நிறைய என்று இருந்தாலோ சாம்பிள் கலப்படம் என்று சந்தேகித்து மறுபடி எடுங்கள்.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தக் கிருமி குடலில் தங்கியிருப்பது, தும்மலில் பரவுவதில்லை. கழிவறைக்குப் போய் வந்ததும், சமைக்குமுன், குழந்தையைத் தூக்குமுன் சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும். அம்மாவைத் தனியே வைக்கத் தேவையில்லை.

காய்ச்சல், நடுக்கம், விலாவலி, வாந்தி, குழப்பமான பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தில் வாயு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும் தொற்று வரக்கூடும்.

எரிச்சல் நின்றுவிட்டால் ‘சுத்தமாகிவிட்டதா’ என்று பார்க்க மறு கல்ச்சர் எடுக்காதீர்கள். தொந்தரவு இல்லாதபோது கிருமி வளர்ந்தாலும், கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பாதையில் ஆபரேஷன் செய்யப்போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு மருந்து கிடையாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் அப்படித்தான். மருந்து முடிந்து இரண்டு வாரத்துக்குள் கடுப்பு திரும்பினால் மட்டும், மாத்திரைக்கு முன் கல்ச்சரும், சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மீதம் நிற்கிறது என்ற அளவோடு சேர்த்து அல்ட்ராசவுண்டும் எடுங்கள். கல் இருக்கிறதா என்பதும் அதில் தெரியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அடிக்கடி வரும் நீர்க்கடுப்பைப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் குறைக்கும். அது அம்மாவுக்கு ஏற்றதா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்; மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.