மனு எழுதத் தெரியாத பிளஸ் டூ

வணக்கம். உசிலம்பட்டி பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். குடிதண்ணீர்க் குழாய் உடைந்து மாசக்கணக்கில் கிடக்கிறது. கம்ப்யூட்டர் லேப் பூட்டியே இருக்கிறது. இங்கிலீஷ் பேச வரவில்லை. இப்படிப் படித்தால் என்ன வேலைக்குப் போவான்? மெட்ரிக்கில் மாற்றிவிடலாமா?
பெ.

அன்புள்ள பெ.,

கடன் வாங்கியாவது பிள்ளையை மெட்ரிக்கில் போடும் பெற்றோரை நான் குறை சொல்வதில்லை. ஆனால் லேப் சாவியை என்னிடம் கேட்டு என்ன பயன்? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்தான். ஒரு கூட்டத்துக்காவது போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. இங்கிலீஷ் அப்புறம் வரும், விடுங்கள்.

'என்ன வேலைக்குப் போவான்' என்றீர்களே, அதற்கு வருகிறேன். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்னத் தொழிற்கூடம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் புலம்புவார். பையன்கள் மெஷினை நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் ஷிப்ட் முடிந்ததும் நோட்டில் 'மெஷின் ரிப்பேர்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த இடத்தில் சத்தம், எப்போதிலிருந்து, எண்ணெய் விட்டுப் பார்த்தானா, ஒன்றும் இருக்காது. காலையில் வருகிறவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து கழற்றிப் பார்க்கிறான். எழுதியவன் பிளஸ் டூவில் தமிழில் நல்ல மார்க் எடுத்தவன்!

எப்படி எடுத்தான்? பள்ளித் தமிழ்ப் பரீட்சைகளில் கடிதக் கேள்வி வரும். 'தெருவிளக்கு எரியவில்லை, ஆணையருக்கு விண்ணப்பம்.' நோட்ஸில் இருப்பதை நெட்டுருப் போட்டு, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதினால் போதும். அவன் தெருவில் விளக்கு எரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மதுரை கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். பிளஸ் டூ முடித்த பையன் அம்மாவோடு நின்று, காசு கொடுத்து மனு எழுதி வாங்குகிறான். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறோமய்யா!

2022இல் மாணவர்களின் திறன் பயிற்சிக்காக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. அதே வருஷம் காலை உணவுத் திட்டம் மதுரையில்தான் தொடங்கியது. இரண்டும் நல்ல காரியங்கள். நான் கேட்பதற்குத் திட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். வாரம் ஒரு பக்கம், கண்ணால் பார்த்ததைப் பற்றிப் பிள்ளைகள் எழுத வேண்டும். மல்லிகையை எத்தனை மணிக்குப் பறித்தார்கள், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு எந்த வண்டியில் போனது, கிலோ என்ன விலைக்குப் போனது. ஆசிரியர் எழுத்துப்பிழையை வட்டமிட்டுக் கொண்டிருக்காமல் 'யார் சொன்னது? எவ்வளவு? எப்போதிலிருந்து?' என்று ஓரத்தில் கேட்டால் போதும். நாற்பது நோட்டைத் திருத்த நேரமில்லை என்பார்கள். வாரத்துக்குப் பத்து நோட்டைப் பார்க்கட்டும்.

மெட்ரிக் விஷயத்தை அப்புறம் பேசுவோம். அங்கேயும் இதே நோட்ஸ்தான், அட்டைதான் வேறு. இந்த வாரம் அந்தக் குழாயைப் பற்றித் தலைமையாசிரியருக்கு உங்கள் மகனே ஒரு கடிதம் எழுதட்டும். நீங்கள் கை வைக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் கொடுத்த பிறகு, எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.