செயின்ட் கில்டா மக்கள் பசி தாங்காமல்தான் 1930-ல் ஊரைக் காலி செய்தார்களா?

இல்லை. இந்தத் தீவைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். சாப்பாட்டுக்குக் கடைசிவரை பறவைகள் இருந்தன. அவற்றைப் பிடிக்க ஆட்கள்தான் இல்லாமல் போனார்கள்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, வடக்கு யூயிஸ்ட் தீவிலிருந்து சுமார் 64 கி.மீ. தள்ளி நடுக்கடலில் இருக்கும் தீவுக்கூட்டம் இது. பெரிய தீவு ஹிர்ட்டா. ஊர் இருந்தது அங்குள்ள வில்லேஜ் பே விரிகுடாவின் கரையில். ஒரே ஒரு தெரு, அவ்வளவுதான். செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவைகளையும் முட்டைகளையும் எடுப்பார்கள். கறி தங்களுக்கு, எண்ணெயும் இறகும் நிலத்துக்காரருக்குக் குத்தகையாகப் போகும். பிடித்ததைச் சேமிக்க 'கிளீட்' என்ற கல் அறைகளைக் கட்டினார்கள். சாந்து பூசாமல் அடுக்கிய சுவர், மேலே புல்லும் மண்ணுமாகக் கூரை. கல் இடுக்குகளில் காற்று புகுந்து கறியை உலர்த்தும், மழை உள்ளே இறங்காது. இன்றைக்கும் ஆயிரத்துக்கு மேல் நிற்கின்றன. இப்படிப் பிழைக்கத் தெரிந்தவர்களைப் பசி விரட்டியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1852-ல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். அதைவிடக் கொடுமை, பச்சிளம் குழந்தைகளைக் கொண்டுபோன டெட்டனஸ். பிறந்த எட்டாம் நாள் வாக்கில் குழந்தை போய்விடும் என்பது ஊருக்கே தெரிந்த துக்கமாக இருந்திருக்கிறது. பாதிரியார் ஆங்கஸ் ஃபிடஸ் 1890-களில் பிரசவத்தில் கிருமிநாசினியைப் பயன்படுத்த வைத்த பிறகுதான் அது நின்றது. அதற்குள் எத்தனை தொட்டில்கள் காலியாகிவிட்டன!

அப்புறம் முதல் உலகப் போர். கடற்படை அங்கே முகாமிட்டதும் வெளியுலகம் நெருங்கி வந்தது; போர் முடிந்ததும் இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். படகை இழுக்க, கயிற்றைப் பிடிக்க வலுவான கைகள் போதவில்லை. 1930 தொடக்கத்தில் ஓர் இளம்பெண் கிளாஸ்கோ மருத்துவமனையில் இறந்தது ஊரையே உலுக்கியது. அந்த மே மாதம், தங்களை அழைத்துப் போகும்படி அவர்களே அரசுக்கு மனு எழுதினார்கள்.

ஆகஸ்ட் 29 காலை, வீடுகளில் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டு, மிச்சமிருந்த 36 பேரும் 'ஹேர்பெல்' கப்பலில் ஏறினார்கள். நாய்களைக் கூட்டிப்போக வழியில்லாமல், கழுத்தில் கல்லைக் கட்டி விரிகுடாவில் மூழ்கடித்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அந்தத் தீவில் பிறந்தவர்களில் கடைசியாக இருந்தவர் 2016-ல், 93 வயதில் காலமானார். ஊரை விட்டபோது அவருக்கு எட்டு வயது.