தகர டப்பாவை ஷெர்லாக் ஏன் எடுத்தான்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அக்கா, எலிமெண்டரி சீரியல் மூணாவது சீசன் கடைசி எபிசோட் பாத்ததுலேர்ந்து எனக்கும் என் தம்பிக்கும் ரெண்டு நாளா சண்டை. ஆஸ்கர்தான் ஷெர்லாக்கை திரும்ப ஹெராயினுக்கு இழுத்துட்டுப் போனான்னு நான் சொல்றேன். அவனாத்தான் போனான்னு தம்பி அடிச்சு சொல்றான். யாரு சரி?
வாசகி, பெரம்பூர்

பாக்காதவங்களுக்காக கதையை ரெண்டு வரியில சொல்லிடறேன், முடிவும் வந்துடும், பாக்கணும்னு இருக்கறவங்க அடுத்த கேள்விக்குப் போயிடுங்க. ஷெர்லாக் ஹோம்ஸை இந்தக் காலத்து நியூயார்க்ல துப்பறியறவனா காட்டற சீரியல் இது. ஷெர்லாக் லண்டன்ல ஹெராயின்ல விழுந்து, நியூயார்க்ல சிகிச்சை எடுத்து மீண்டவன். கூட சேந்து போதை போட்ட பழைய ஆளு ஆஸ்கர் திடீர்னு வந்து, ஸ்பான்சரா, அதாவது போதையை விட்டவனுக்கு வழித்துணையா இருந்த அல்ஃப்ரெடோவை கடத்தி வச்சுகிட்டு, என் தங்கச்சியைக் கண்டுபிடிச்சுக் குடுன்னு மிரட்டி, இவன் எந்தெந்த சந்துபொந்துல கிடந்தானோ அங்கெல்லாம் ஒரு நாள் முழுக்க இழுத்துட்டு சுத்தறான். தங்கச்சி செத்துப்போனது அவனுக்கு முன்னாடியே தெரியும். கடைசியில ஹெராயின் இருக்கற ஒரு தகர டப்பாவைக் காட்டி, நீ இதை எடுத்தாதான் உன் ஆளு பிழைப்பான்னு சொல்றான்.

இதுவரைக்கும் பாத்தா நீங்க சொல்றதுதான் சரின்னு தோணும். ஆனா அடுத்து என்ன நடக்குதுன்னு நல்லா கவனிங்க, அல்ஃப்ரெடோ கிடைச்சுட்டான்னு, ஷெர்லாக் கூட சேந்து துப்பறியற ஜோன் கிட்டேர்ந்து தகவல் வந்துடுது, மிரட்டல் அங்கயே முடிஞ்சு போச்சு, ஆஸ்கரை அடிச்சு கீழயும் தள்ளியாச்சு, வாசல் திறந்துதான் இருக்கு, அப்படியே நடந்து வீட்டுக்குப் போயிருக்கலாம், போகல. திரும்பி வந்து அந்த டப்பாவை எடுக்கறான். அதனால தம்பி சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

ஆனா ரெண்டு பேருமே அந்த ஒரு நாளையே பாக்கறீங்க. எனக்கு அந்த சீசன் நடுவுல வர ஒரு பேச்சுதான் மனசுல நிக்குது. போதையை விட்டவங்க கூடற கூட்டத்துக்கு ஷெர்லாக் ஒழுங்கா போறதில்லன்னு ஜோன் கண்டுபிடிச்சு கேக்கறப்போ, போதையில்லாத இந்த சோபர் வாழ்க்கை ஒரு ஒழுகற குழாய் மாதிரி, தினம் தினம் ரிப்பேர் பண்ணாலும் பதிலுக்குக் கிடைக்கறது ஒழுகாம இருக்கறது மட்டும்தான்னு அலுத்துப்போய் சொல்வான். அதுல கோபமோ அழுகையோ எதுவும் இல்ல, சலிப்பு மட்டும்தான். ரீலாப்ஸ், அதாவது திரும்ப போதைக்குப் போறது, அங்கயே ஆரம்பிச்சாச்சுன்னுதான் நான் நினைக்கறேன், ஆஸ்கர் வந்தது அதுக்கு எத்தனையோ எபிசோட் கழிச்சு. கூட்டத்துக்குப் போறது குறையறது, மனசுல இருக்கறதை சொல்லாம விடறது, எனக்கென்ன நான் நல்லாத்தானே இருக்கேன்ங்கற நினைப்பு, இதெல்லாம் முதல்ல வரும். கை கடைசியாத்தான் டப்பாவுக்குப் போகும்.

அந்தப் பழைய இடங்களும் சாதாரண விஷயம் இல்லை. போதை எடுத்த தெரு, கூட இருந்த முகம், அந்த வாசனை, இதுல ஏதாவது ஒண்ணு போதும், வருஷக்கணக்கா தொடாத ஆளுக்குக்கூட மூளை பழைய பசியை எழுப்பிடும். ஆஸ்கருக்கு அது தெரியும், அதான் நேரா டப்பாவை நீட்டாம முதல்ல ஊரைச் சுத்திக் காட்டறான். அவன் பண்ணது பாவம்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்லை.

ஒண்ணு சொல்லணும், இது ரொம்ப பேருக்குத் தெரியாது. பல மாசம் நிறுத்துன உடம்பு பழைய அளவைத் தாங்காது. அப்போ தாங்குன அதே டோஸ் இப்போ மூச்சையே நிறுத்திடும், ஹெராயின் ஓவர்டோஸ்ல உயிர் போறது பெரும்பாலும் மூச்சு அடங்கித்தான். அந்த மாதிரி நேரத்துல ஹெராயினை முறிக்கக் குடுக்கற மருந்து நலாக்ஸோன். அதனால ஷெர்லாக் டப்பாவைக் கையில எடுத்தப்போ, ஐயோ விரதம் கலைஞ்சு போச்சேன்னு எனக்குத் தோணல, பிழைச்சு வருவானான்னுதான் பயந்தேன்.

கோனன் டாயில் எழுதின ஹோம்ஸ் கோகெய்ன்தானே போடுவார்? சீரியல்ல ஏன் ஹெராயினா மாத்தினாங்க?
வாசகர், மயிலாப்பூர்

ஆமா, 1890ல வந்த நாவல் தொடங்கறதே 7 சதவீத கோகெய்ன் கரைசலை ஊசியில ஏத்திக்கற காட்சியோடதான். அப்போ இங்கிலாந்துல அது சட்டவிரோதமும் இல்லை. கேஸ் இல்லாத நாள்ல மூளை சும்மா இருந்தா அந்த ஹோம்ஸால தாங்க முடியாது, கோகெய்ன் முடுக்கி விடற சரக்கு, அவருக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. 2012ல நியூயார்க்குக்கு வந்த ஷெர்லாக்கோட கஷ்டம் நேர் எதிர். உலகத்துல இருக்கற சத்தம், வெளிச்சம், மனுஷங்க முகம் எல்லாமே அவனுக்கு அளவுக்கு மீறி உள்ள வருது, அதுக்கு மேல காதலி ஐரீன் செத்துட்டாங்கற துக்கம் வேற. அதையெல்லாம் அமுக்கி மூட அவனுக்கு ஹெராயின். சரக்கு மாறினதோட எடுக்கற காரணமும் மாறிடுச்சு, ரொம்ப யோசிச்சுத்தான் பண்ணியிருக்காங்க.

ஹவுஸ் சீரியல் டாக்டரும் இதே கதைதானா?
கல்லூரி மாணவர், தாம்பரம்

பாதி. அவருக்குக் கால்ல நிஜமாவே வலி, எடுக்கற விக்கோடின்ல ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் இருக்கு, டாக்டரே எழுதிக் குடுக்கற மாத்திரை. வலிக்குன்னு ஆரம்பிச்சது எந்த எடத்துல வேற ஒண்ணா மாறுச்சுன்னு அவருக்கே தெரியாமப் போறதுதான் அந்தக் கதை.

எலிமெண்டரி ஜோன் ஏன் ஷெர்லாக் வீட்டுலயே தங்கிட்டா? சம்பளத்துக்கு வந்தவதானே? காதல்னு என் ஃபிரெண்ட்ஸ் சொல்றாங்க.
வாசகி, நங்கநல்லூர்

காதல் இல்லம்மா. ஷெர்லாக்கோட அப்பா ஆறு வாரத்துக்குன்னு அமர்த்தின சோபர் கம்பேனியன் அவங்க, அதாவது திரும்ப போதைக்குப் போகாம கூடவே இருந்து பாத்துக்கறவங்க. அதுக்கு முன்னாடி சர்ஜன், ஆபரேஷன்ல ஒரு நோயாளி இறந்துபோக, கத்தியையே விட்டுட்டு வந்தவங்க. ஆறு வாரம் முடிஞ்சதும் உங்க அப்பா நீட்டிச்சிருக்கார்னு பொய் சொல்லி தங்கறாங்க, அது பொய்னு அவனுக்கும் தெரியும், தெரிஞ்சும் கொஞ்ச நாள் கேக்கல. நான் திரும்பத் திரும்ப பாக்கற இடம் அது. முதல்ல எனக்கு ஒரு பயம் இருந்துச்சு, ஒருத்தரைக் காப்பாத்த முடியலங்கற குத்தத்தை இன்னொருத்தரைக் காப்பாத்தி கழிக்கப் பாக்கறாங்களோன்னு. நம்ம வீடுகள்ல எத்தனை அம்மா, எத்தனை பொண்டாட்டி இப்படியே ஆயுசைத் தொலைச்சிருக்காங்க. ஆனா ஜோன் துப்பறியற வேலையைக் கத்துகிட்டு, தனக்குன்னு கேஸ் எடுத்து, தனியா வீடும் பாத்துப் போவாங்க. அவன் நல்லா இருக்கானாங்கறது மட்டுமே அவங்க வாழ்க்கையா இல்லை. அதனாலதான் கடைசிவரைக்கும் அவனுக்குத் துணையா நிக்க முடிஞ்சுதுன்னு நான் நம்பறேன்.

மேடம், நான் சீரியல் பத்தி கேக்கல. என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கார்த்திகையில மாலை போடுவார், ஒரு மண்டலம் ஒரு சொட்டு தொட மாட்டார். மாலை கழட்டின அன்னைக்கே ஆரம்பிச்சுடுவார். இத்தனை நாள் முடிஞ்சவருக்கு அப்புறம் ஏன் முடியல? எங்க மேல பாசம் இல்லையா?
வாசகி, அம்பத்தூர்

உங்க கடிதத்தை நாலு தடவ படிச்சேன் அம்மா. பாசம் இல்லாம இல்லை. மாலை போட்ட நாள்ல காலையில குளியல், பூஜை, சாமி சாமின்னு கூப்பிடறவங்க, கூட இருக்கற குருசாமி, சாயந்தரம் பஜனை, இப்படி நாள் முழுக்க அவரைப் பிடிச்சு நிக்க வைக்க ஆள் இருக்காங்க. கழட்டின அன்னைக்கு இது அத்தனையும் ஒரே நாள்ல போயிடுது, பழைய கூட்டாளி மட்டும் அதே கடை வாசல்ல நிக்கறான். 1935ல அமெரிக்காவுல ரெண்டு குடிகாரங்க சேந்து ஆரம்பிச்ச ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் இந்த இடத்தைத்தான் பிடிச்சுது. குடிச்சு மீண்டவங்களே கூடி உக்காந்து, இன்னைக்கு ஒரு நாள் தள்ளுவோம்னு சொல்றது, அது ஒரு மண்டலத்தோட முடியறதில்லை. சென்னையிலயும் நடக்குது, காசு கிடையாது.

இன்னொரு விஷயம், இதைத் தயவுசெஞ்சு மறக்காதீங்க. தினமும் நிறைய குடிக்கறவர் திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காம போகலாம். எங்க சித்தப்பாவை இப்படித்தான் ரூம்ல போட்டுப் பூட்டினோம், நல்லதுன்னு நினைச்சுதான் பண்ணோம், மூணாவது நாள் ராத்திரி கை நடுங்கி, செவுத்துல பூச்சி ஊருதுன்னு கத்தி, வலிப்பு வந்துடுச்சு. பேய்னு சொல்லி ஒருத்தர் விபூதி எடுத்துட்டு ஓடி வந்தார். அது குடி நிறுத்தினதால வர நோய், உயிருக்கே ஆபத்துன்னு ஆஸ்பத்திரியில சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பிழைச்சுட்டார். அந்த ராத்திரி இன்னும் எனக்கு வயித்தைக் கலக்கும். அதனால நடுக்கம், குழப்பம், வலிப்பு எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, வீட்டுல வச்சுப் பாக்காதீங்க.

நம்ம ஊர்லயே சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல தொடங்கின டிடிகே ஆஸ்பத்திரி இருக்கு. கணவரைக் குடிக்குப் பறிகுடுத்த பிறகு அவங்க ஆரம்பிச்சது அது, குடும்பத்துக்காரங்களையும் உக்கார வச்சுப் பேசுவாங்க. போன்ல கேக்கணும்னா 14446, மத்திய அரசோட இலவச உதவி எண். அவர் வர மாட்டேன்னா நீங்க மட்டும் முதல்ல போங்க, குடிக்கறவங்க குடும்பத்துக்குன்னே அல்-அனான் கூட்டம் தனியா இருக்கு. இந்த கார்த்திகை வரைக்கும் காத்திருக்க வேணாம்மா, இந்த வாரமே போன் பண்ணுங்க, பண்ணிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க.