ஒரே கச்சேரி, இரண்டு டிவிடி: எதை ஓட்டுவது?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டவுனுக்குக் குடிவந்த பழைய பாட்டு ரசிகர்கள். மாதம் ஒரு ஞாயிறு, கோயில் மண்டபத்தில் 65 அங்குல டிவி வைத்துக் கச்சேரி வீடியோ போடுகிறோம். சென்னையில் நடந்த ஒரு மெல்லிசைக் கச்சேரி எங்களிடம் இரண்டு டிவிடியாக இருக்கிறது. கோலாலம்பூரில் வாங்கியது ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சிப் பட முறை. டொரொண்டோவிலிருந்து மச்சான் கொண்டுவந்தது ‘என்டிஎஸ்சி’ (NTSC) என்ற முறை. பாலில் படத்தை வரையும் கிடைக்கோடு அதிகம், அதுதான் தெளிவு என்கிறார் ஒருவர். என்டிஎஸ்சியில் வினாடிக்கு 30 படம், அதுதான் ஓட்டம் என்கிறார் இன்னொருவர். எதை ஓட்டுவது? வீட்டில் கிடக்கும் பழைய விஎச்எஸ் டேப்புகளையும் டிவிடியாக்க நினைக்கிறோம்.

பதில்: உங்கள் நண்பர்கள் இருவர் சொல்லும் எண்களும் சரி. ஆனால் அந்த எண்களை வைத்து இந்த வழக்குத் தீராது.

பால் டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளி, அதாவது 576 கோடு, வினாடிக்கு 25 படம். என்டிஎஸ்சி டிவிடியில் 720க்கு 480, வினாடிக்கு ஏறத்தாழ 30. துல்லியமாகச் சொன்னால் 29.97. இப்போது 576ஐ 25ஆல் பெருக்குங்கள்: 14,400. 480ஐ 30ஆல் பெருக்குங்கள்: அதே 14,400. ஒன்று கோட்டில் கூட்டி ஓட்டத்தில் குறைத்தது, மற்றது ஓட்டத்தில் கூட்டிக் கோட்டில் குறைத்தது. திரைக்கு வந்து சேரும் சரக்கு ஒன்றுதான். எது உசத்தி என்று அட்டையைப் பார்த்து மட்டும் சொல்லவே முடியாது.

இந்த 25, 30 எல்லாம் மின்சாரத்தோடு ஒட்டி வந்தவை. அமெரிக்கா, கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். மலேசியா, இந்தியா, இலங்கை, பிரிட்டனில் 50. அமெரிக்காவில் 1953இல் வண்ண என்டிஎஸ்சி வந்தது. பால் முறையை ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கினார். 1967இல் அங்கே ஒளிபரப்பானது. நம் மலேசியாவில் 1978லும் இந்தியாவில் 1982லும் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது இரண்டும் பாலைத்தான் எடுத்துக்கொண்டன.

‘என்டிஎஸ்சியில் முகம் பச்சையடிக்கும்’ என்று சொல்லும் பெரியவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அது ஏரியல் காலத்துப் பேச்சு. காற்றில் வரும் சிக்னலில் வண்ணம் நகர்ந்துபோகும். பால் முறை ஒன்றுவிட்டு ஒரு கோட்டில் வண்ண சிக்னலின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி அனுப்பி அந்தத் தவறைச் சமன் செய்தது. டிவிடியில் வண்ணம் டிஜிட்டலாகவே பதிந்திருக்கிறது. எச்டிஎம்ஐ ஒயர் வழியாகப் பார்த்தால் அந்தக் குறை இரண்டிலும் கிடையாது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கச்சேரியைப் பிடித்த கேமரா எந்த ஊரில் நின்றது? சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர், லண்டன் என்றால் அது பெரும்பாலும் பால் கேமரா. டொரொண்டோ, நியூ ஜெர்சி என்றால் என்டிஎஸ்சி. எந்த முறையில் பிடித்தார்களோ அந்த முறையிலேயே இருக்கும் டிவிடிதான் மூலத்துக்குப் பக்கம். மற்றது மாற்றி எடுத்த பிரதி. அமெரிக்கா, கனடாவில் விற்ற பல பிளேயர்கள் பால் டிவிடியைத் தொடாது. அதனால்தான் அங்குள்ள தமிழர்களுக்காக மாற்றிப் போட்டார்கள். நம் கடைகளில் கிடைத்த தமிழ் டிவிடிகளிலும் என்டிஎஸ்சி ஏராளம், எடுத்தது சென்னையிலாக இருந்தாலும்.

மாற்றும்போது என்ன போகிறது? 576 கோட்டை 480 ஆக்கினால் ஆறில் ஒரு பங்கு போச்சு. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பெரிய சேதம் ஓட்டத்தில். வீடியோ கேமரா வினாடிக்கு 25 முழுப்படம் எடுப்பதில்லை. ஒற்றைப்படை எண் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படை எண் கோடுகள் ஒரு தடவை என்று 50 அரைப்படம் எடுக்கிறது. அந்த 50ஐ 60 ஆக்க, இல்லாத பத்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். மலிவான கருவி பக்கத்துப் பக்கத்து அரைப்படங்களைக் கலந்து புதிதாக ஒன்றைச் செய்யும். பாடகர் மைக் பிடித்து நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. மிருதங்கத்தின் தனி வரட்டும், வயலின் வில் வேகமெடுக்கட்டும், கேமரா மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திரும்பட்டும். விரலுக்கு நிழல் விரல் முளைக்கும், கேமரா தட்டித் தட்டி நகரும்.

இதை நீங்களே சோதிக்கலாம். டிவிடியைக் கணினியில் போட்டு விஎல்சி மென்பொருளில் திறங்கள். அரைப்படங்களைச் சேர்த்து முழுப்படமாக்கிக் காட்டும் டீஇன்டர்லேஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். கை வேகமாக அசையும் இடத்தில் நிறுத்தி, ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து விசையை அழுத்தி ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். கையின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. அரைப்படங்கள் கலையாமல் இருக்கின்றன. ஒரு கைக்கு மேல் இன்னொரு கை மங்கலாக, ஊடுருவித் தெரிகிற மாதிரி விழுந்தால் அது மாற்றிய பிரதி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் கோலாலம்பூர் டிவிடி ஜெயிக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் சோதித்துவிட்டே சொல்லுங்கள். மாற்றிய என்டிஎஸ்சி பிரதியைத் திரும்பப் பாலாக மாற்றி அச்சடித்த டிவிடிகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன. அது இரண்டு தரம் கெட்டது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பாட்டு ரசிகர்களுக்கு இதுதான் முக்கியம், ஆனால் படத்தைப் பற்றியே சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சில கச்சேரிகளை வீடியோவில் அல்ல, சினிமா பிலிமில், வினாடிக்கு 24 படமாக எடுத்திருப்பார்கள். அதைப் பாலில் போட எளிய வழி, 24ஐ 25 ஆக வேகமாக ஓட்டிவிடுவது. நான்கு சதவீதம்தானே, கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும். சுருதி அரைக்கட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட ஒன்றரைக் கட்டையில் பாடுவதாகக் கேட்கும், சரியாக ஒன்றரையிலும் நிற்காது. கூடவே ஆர்மோனியம் வாசித்துப் பார்த்தால் எந்தக் கட்டையிலும் சேராமல் தவிப்பீர்கள். தாளமும் அந்த அளவுக்கு ஓடும். சில நிறுவனங்கள் சுருதியை மட்டும் கருவி வைத்து இறக்கிவிடுவதுண்டு. வேகம் அப்படியேதான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கடிகாரம் போதும். இரண்டு டிவிடியிலும் ஒரே பாட்டின் நீளத்தைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வீடியோ கேமராவில் எடுத்தது. மேலே சொன்ன விதி பொருந்தும். பால் டிவிடியில் ஆறு நிமிடப் பாட்டு பதினான்கு வினாடி குறைந்து, இரண்டு மணி நேரக் கச்சேரி ஐந்து நிமிடம் சுருங்கியிருந்தால் பிலிமில் எடுத்தது. அப்போது தீர்ப்பைத் திருப்பி எழுதுங்கள்: என்டிஎஸ்சியை வைத்துக்கொள்ளுங்கள். படம் ஒரு சுற்று மங்கலானாலும் வித்துவான் பாடிய சுருதியில் கேட்பது எனக்குப் பெரிது.

இனி மண்டபத்துக்கு வருவோம். நல்ல டிவிடியையும் பிளேயரின் அமைப்பு கெடுத்துவிடும். மெனுவில் டிவி வகை என்ற இடத்தில் பால் என்று கட்டிவைத்திருந்தால், என்டிஎஸ்சி டிவிடி போடும்போது பிளேயரே அதை மாற்றத் தொடங்கும், அதுவும் அரைகுறையாக. ‘ஆட்டோ’ அல்லது ‘மல்டி’யில் வையுங்கள். இன்று நம் ஊரில் விற்கும் டிவிகள் 50, 60 இரண்டையும் ஏற்கும். டிவியில் ஷார்ப்னெஸ்ஸை நன்றாக இறக்குங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் வேகமாக வாசிக்கும் விரலெல்லாம் ரப்பர் விரலாகும். பழைய 4:3 கச்சேரியை அகலத் திரைக்கு இழுக்காதீர்கள். ஒல்லியான பாடகரைக் குண்டாக்கி, இரண்டு பக்கத்துக் கறுப்பு இடத்தை நிரப்பி யாருக்கு என்ன லாபம்? முதல் வரிசை நாற்காலியையும் நாலைந்து அடி பின்னால் தள்ளுங்கள், 65 அங்குலத்தில் டிவிடியின் புள்ளிகள் கிட்டத்தில் தெரியும்.

இரவுச் சந்தையில் வாங்கிய விசிடிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிச்சயம் வீட்டில் இருக்கும். பாலானாலும் 352க்கு 288 புள்ளிதான், அரைப்படங்களில் பாதி எடுக்கும்போதே போயிற்று. வேறு பிரதி கிடைக்காத கச்சேரியாக இருந்தால் மட்டும் வைத்திருங்கள்.

இன்னொன்று: மச்சான் கனடா கேமராவைக் கொண்டுவந்து உங்கள் கோயில் திருவிழாக் கச்சேரியைப் பிடிக்கிறேன் என்றால், 50க்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் ஷட்டரை வினாடியில் நூறில் ஒரு பங்கில் வைக்கச் சொல்லுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குழல்விளக்கு, 60க்கு அமைத்த கேமராவில் துடித்துக்கொண்டே இருக்கும்.

டேப்புகள் விஷயம். நம் வீடுகளில் ஆர்டிஎம் தொலைக்காட்சியிலிருந்து பதிந்தவை எல்லாம் பால். கடையில் கொடுக்கும்போது இரண்டு நிபந்தனை சொல்லுங்கள்: பாலாகவே எடுக்க வேண்டும், 50 அரைப்படமும் அப்படியே இருக்க வேண்டும். ‘இன்டர்லேஸ் எடுத்துட்டு சுத்தமா 25 படமா தரேன்’ என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்; ஓட்டத்தில் பாதி அங்கேயே போய்விடும். டிவிடி மட்டுமல்லாமல் கோப்பாகவும் ஹார்ட் டிஸ்கில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், டேப்பின் சின்ன கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஈரக்காற்றில் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படி இருந்தால் சோதித்துப் பார்க்கிறேன் என்று பிளேயரில் போடாதீர்கள். பூஞ்சை பிளேயரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல டேப்புக்கும் தாவும். அந்த டேப்புகளைத் தனிப் பெட்டியில் போட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றை முதலில் பதிந்துவிடுங்கள்.