யார் முகத்தைப் பார்ப்பது? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் தம்பி,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். மகன் அமெரிக்காவில் இருப்பதால் அந்த ஊர்த் தேர்தல் எங்கள் வீட்டிலும் நடக்கும். 2024-ல் பைடன்–டிரம்ப் விவாதம், அப்புறம் ஹாரிஸ்–டிரம்ப் விவாதம், இரண்டையும் நேரலையில் பார்த்தேன். அவர்களுக்கு இரவு ஒன்பது, நமக்குக் காலை ஆறரை. அடுப்பில் இட்லி, கையில் செல்போன். அப்போதே உங்களுக்கு எழுத நினைத்தது, இப்போதுதான் முடிந்தது.

எனக்கு ஆங்கிலம் புரியும். ஆனால் வரி, எல்லை, கருக்கலைப்புச் சட்டம் என்று ஒன்றரை மணி நேரம் அவர்கள் பேசியதில் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. நின்றதெல்லாம் முகங்கள்தான். பைடன் வாயைத் திறந்தபடி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றது, ஹாரிஸ் மோவாயில் கைவைத்து டிரம்பைப் பார்த்தது, டிரம்ப் அவர் பக்கமே திரும்பாதது. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பேச்சுப்போட்டிக்கு நடுவராக உட்கார்ந்து, கருத்துக்குத்தான் முதல் மார்க் என்று பிள்ளைகளிடம் சொன்னவள் நான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

1960-ல் கென்னடியும் நிக்சனும் விவாதித்தபோது ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றும், டிவியில் பார்த்தவர்கள் கென்னடி ஜெயித்தார் என்றும் சொன்னார்களாமே. அப்படியானால் டிவி நம்மை ஏமாற்றுகிறது என்றுதானே அர்த்தம்? இன்னொன்று, ஹாரிஸ்தான் ஜெயித்தார் என்று எல்லாரும் சொன்னார்கள், நவம்பரில் தோற்றுப்போனார். பிறகு எதற்கு இந்தக் கூத்து? நம் ஊரில் இது இல்லாததே நல்லது என்கிறார் என் வீட்டுக்காரர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி (பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியதைத்தான் பார்த்திருக்கிறீர்கள். வரியும் எல்லையும் தெரிய வேண்டுமென்றால் கட்சிகளின் அறிக்கைகள் இணையத்தில் கிடக்கின்றன, அதற்காக யாரும் காலையில் இட்லியைத் தீயவிட வேண்டியதில்லை. மேடையில் அவர்கள் பேசுவது பெரும்பாலும் ஒத்திகை பார்த்த பேச்சு. ஜூன் விவாதத்துக்கு முன்னால் பைடன் நாள்கணக்காக கேம்ப் டேவிட்டில் தங்கிப் பயிற்சி எடுத்தார், செப்டம்பரில் ஹாரிஸ் பிட்ஸ்பர்க்கில் ஒரு ஹோட்டலில். எதிராளி மாதிரி நடிக்க ஆள் வைத்து, வரக்கூடிய கேள்விக்கெல்லாம் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். இவ்வளவையும் தாண்டி ஒத்திகைக்குச் சுலபமாக அடங்காதது ஒன்று இருக்கிறது. எதிரில் நிற்பவன் நம்மைத் திட்டும்போது, நம் கணக்கு தப்பு என்று சொல்லும்போது, பேச முடியாமல் கேட்டுக்கொண்டு நிற்கிறோமே, அந்த முகம். நீங்கள் எழுதிய மூன்று காட்சியும் அவரவர் பேசாத நேரத்தில் நடந்தவை, கவனித்தீர்களா?

பழைய விவாதங்களை எடுத்துப் பார்த்தாலும் இதேதான். 1992-ல் ரிச்மண்டில் பார்வையாளர்கள் கேள்வி கேட்கும் விவாதம். நாட்டின் கடன் உங்கள் சொந்த வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு பெண்மணி கேட்டுக்கொண்டிருக்கும்போது சீனியர் புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான் செய்தார். பதில் சொல்லும் முறை வந்ததும் கிளின்டன் எழுந்து அந்தப் பெண்மணியின் அருகில் போய் நின்று பேசினார். பொருளாதாரத்தைப் பற்றி அன்றைக்கு யார் சரியாகச் சொன்னார் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை, கடிகாரம் மட்டும் இருக்கிறது. 2000-ல் ஜூனியர் புஷ் பேசப் பேச அல் கோர் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார், மைக் அதை வாங்கிக்கொண்டது. கோருக்கு விஷயம் தெரியாதா? நன்றாகவே தெரியும். வகுப்பில் எல்லாப் பதிலும் தெரிந்த பிள்ளை மற்ற பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை உங்களுக்குத் தெரியாததா.

அந்த ரேடியோ கதையை ரொம்பப் பேர் சொல்கிறார்கள், நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு ஆதாரம் அந்தக் காலத்தில் எடுத்த ஒரே ஒரு கருத்துக்கணிப்பு, அதிலும் ரேடியோ கேட்டவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவு. டிவி இல்லாமல் ரேடியோ வைத்திருந்தவர்களில் கிராமத்துக்காரர்கள் அதிகம், அவர்கள் முதலிலிருந்தே நிக்சன் பக்கம் சாய்ந்தவர்களாக இருந்திருக்கலாம். ஆகவே அதை வைத்து டிவி ஏமாற்றியது என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் அன்று சிகாகோ ஸ்டுடியோவில் நடந்தது நிஜம். நிக்சன் முழங்கால் புண்ணில் கிருமி ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார், எடை குறைந்து சட்டைக் காலர் தொளதொளவென்று இருந்தது, முறையாக மேக்கப் போட்டுக்கொள்ளவில்லை. கென்னடி பேசும்போது கேமரா நிக்சனைக் காட்டியது, அவர் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுமார் ஏழு கோடிப் பேர் பார்த்தார்கள். அந்தத் தேர்தலுக்கு அப்புறம் 1976 வரை அந்த நாட்டில் அதிபர் வேட்பாளர்கள் யாரும் டிவி விவாதத்துக்கு வரவேயில்லை, 1968-லும் 1972-லும் போட்டியிட்ட நிக்சன் உட்பட. ஒருதடவை பட்டது போதும் என்று இருந்திருக்கும்.

பைடன் விஷயத்தில் டிவியைக் குறை சொல்லவே முடியாது. கரகரத்த தொண்டை, நடுவில் பேச்சு திக்குமுக்காடி ‘மெடிகேரைத் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தோற்கடித்துவிட்டோம்’ என்று போய் நின்றது, இதெல்லாம் ரேடியோவில் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களை எச்சரிக்கத் தோன்றுகிறது. உங்கள் மனதில் நிற்கும் காட்சிகளில் எத்தனை நீங்கள் நேரலையில் பார்த்தவை, எத்தனை அப்புறம் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டுகள்? நான் குத்திக்காட்டவில்லை, எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. 1976-ல் கார்ட்டரோடு நடந்த விவாதத்தில் அதிபர் ஃபோர்டு, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று ஒரு போடு போட்டார். விவாதம் முடிந்த இரவில் பார்வையாளர்களைக் கேட்டபோது பலருக்கு அது பெரிதாகவே படவில்லை, ஃபோர்டு பரவாயில்லை என்றார்கள். மறுநாள் முழுக்கப் பத்திரிகையும் டிவியும் அதையே பேச, அடுத்த ராத்திரிக்குள் கார்ட்டர் ஜெயித்துவிட்டார் என்றாகிவிட்டது. கோரின் பெருமூச்சும் அப்படித்தான், அன்றிரவைவிட அடுத்த வாரம்தான் சத்தமாகக் கேட்டது. ஆகவே முகத்தைப் பாருங்கள், ஆனால் முழுசாகப் பாருங்கள். இருபது விநாடி துண்டில் யாரை வேண்டுமானாலும் முட்டாளாகக் காட்டலாம்.

ஹாரிஸ் ஜெயித்தும் தோற்றாரே என்று கேட்டீர்கள். விவாதத்தைப் பார்த்தவர்களிடம் அன்றிரவே சிஎன்என் எடுத்த கணிப்பில் 63க்கு 37 என்று ஹாரிஸ் பக்கம் சொன்னார்கள். நன்றாக விவாதித்தார் என்று சொல்வது வேறு, ஓட்டுப் போடுவது வேறு. பக்கத்து வீட்டுப் பையன் பாட்டுப் போட்டியில் ஜெயித்தால் கைதட்டுவோம், அதற்காகப் பெண் கொடுத்துவிடுவோமா? அதே சமயம் ஜூன் 27 விவாதம் என்ன செய்தது பாருங்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 21-ல் பதவியில் இருக்கும் அதிபரே போட்டியிலிருந்து விலகினார். ஒரு நல்ல விவாதம் ஆளைத் தூக்கிவிடும் என்பதற்கு எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, தள்ளிவிடும் என்பது கண்ணால் பார்த்தது.

நான் புதுச்சேரிக்காரன் என்பதால் பிரெஞ்சு விவாதத்தையும் சொல்லாமல் விட மனசில்லை. இங்கே சொல்தா வீடுகள் என்று சொல்வோமே, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்கள், அவர்களுக்குப் பிரான்ஸ் தேர்தலில் ஓட்டு உண்டு. 2022 ஏப்ரலில் அதிபர் வேட்பாளர்கள் மக்ரோன்–மரீன் லெபென் விவாதத்தை எங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே இரவு ஒன்பது, நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று சத்தத்தைக் குறைத்து வைத்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அமெரிக்காவைப் போல நின்றுகொண்டு அல்ல, இருவரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து நேருக்கு நேர் பேசுகிறார்கள். யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று திரையில் கடிகாரம் ஓடுகிறது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்.

உக்ரைன் பேச்சு வந்தபோது, ரஷ்ய வங்கியில் கடன் வாங்கிய கட்சி உங்களுடையது என்று மக்ரோன் குத்தினார். லெபென் தன் பழைய ட்வீட்டைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்து கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். பெரியவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அவருக்குக் கோபம் மக்ரோன் உட்கார்ந்திருந்த விதத்தில். லெபென் பேசும்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு சாய்வதும், முஷ்டியை மோவாயில் முட்டுக் கொடுத்துக்கொண்டு பார்ப்பதுமாக இருந்தார். “சபையில ஒக்கார்ற மாதிரியா ஒக்காந்திருக்கான் பாரு, இவன் எசமானன், எதிர்ல இருக்கறவ கடனுக்கு வந்தவளா?” என்று விடிய விடியத் திட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை துணைத் தூதரகத்தில் போய் மக்ரோனுக்கே ஓட்டும் போட்டுவிட்டு வந்தார். கேட்டால், “வேற யாருக்குப் போடச் சொல்ற?” உங்கள் ஹாரிஸ் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கேட்கிற முகத்துக்கு எவ்வளவு விலை என்பது முதலில் புரிந்தது பிரான்ஸின் மித்தரானுக்கு என்று நினைக்கிறேன். 1974-ல் ‘இதயம் உங்களுக்கு மட்டுமே சொந்தமில்லை, முசே (திரு) மித்தரான்’ என்று எதிர்த்துப் போட்டியிட்ட ஜிஸ்கார் தெஸ்தேன் ஒரே வாக்கியத்தில் அவரை அடித்தார், தேர்தலில் சுமார் நாலேகால் லட்சம் ஓட்டில் மித்தரான் தோற்றார். 1981-ல் மறுபடி அதே ஆளோடு விவாதம் என்றதும் அவர் தரப்பு நிபந்தனைகளாக அடுக்கியது. அதில் ஒன்று, ஒருவர் பேசும்போது மற்றவரின் முகத்தைக் கேமரா காட்டக்கூடாது. கவனியுங்கள், பேசுவதை எப்படி வேண்டுமானாலும் காட்டிக்கொள், கேட்கும்போது மட்டும் காட்டாதே என்கிறார். அந்தத் தேர்தலில் ஜெயித்தார்.

இனி உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் வேறு கட்சி. நம் தலைவர்கள் பேசுவதை நாம் ஆயுசுக்கும் பார்த்திருக்கிறோம். உங்கள் மஞ்சக்குப்பம் மைதானத்திலேயே எத்தனை பேச்சு கேட்டிருப்பீர்கள். தலைவர் பேசுவார், பின்னால் வரிசையாக நாற்காலியில் மாவட்டங்களும் ஒன்றியங்களும் துண்டைச் சரிசெய்துகொண்டு, எங்கே தலையாட்ட வேண்டுமோ அங்கே ஒரு விநாடி முன்னதாகவே தலையாட்டும். அவரை மறுத்துப் பேச ஒரு ஆள் மேடையில் கிடையாது. மறுத்துப் பேசினால் அவர் முகம் எப்படி மாறும், பொறுமையாக இருப்பாரா, பக்கத்திலிருப்பவரிடம் திரும்பிச் சிரிப்பாரா, எழுந்து போய்விடுவாரா, நமக்குத் தெரியவே தெரியாது. அது தெரியாமலேயே ஐந்து வருஷத்துக்குக் கோட்டையைக் கொடுக்கிறோம். ராத்திரி டிவி விவாதம் இருக்கிறதே என்பீர்கள், அங்கே தலைவர்கள் வருவதில்லை, செய்தித் தொடர்பாளர்கள் வருகிறார்கள், நாலு கட்டத்தில் நாலு வாயும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்.

நம்முடையது நாடாளுமன்ற முறை, அதிபர் ஆட்சி இல்லை, இங்கே இது பொருந்தாது என்று ஒரு சாக்கு உண்டு. அதே முறையை நமக்குக் கொடுத்த பிரிட்டனில் 2010-லேயே பிரவுன், கேமரூன், கிளெக் மூவரும் டிவியில் விவாதித்தார்கள், ஒன்றும் குடிமுழுகவில்லை. 2024 மே மாதம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் மோடிக்கும் ராகுல் காந்திக்கும் விவாதத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். ராகுல் வருகிறேன் என்றார், விவாதம் நடக்கவில்லை. அகில இந்திய அளவுக்குப் போக வேண்டாம், புதுச்சேரியில் முப்பதே தொகுதி, முதல்வர் நாற்காலிக்கு ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முகூர்த்த நாளில் ஒரே கல்யாண மண்டபத்தில் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தான். ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசச் சொல்லிப் பாருங்கள், ஒருத்தரும் வரமாட்டார்கள்.

நேரம் கிடைத்தால் 1988 ஏப்ரல் 28 விவாதத்தைத் தேடிப் பாருங்கள், பிரான்ஸின் ஒலி-ஒளி ஆவணக் காப்பகமான ‘இனா’வின் தளத்தில் அந்தப் பகுதி இருக்கிறது. மித்தரான் அதிபர், சிராக் அவரிடமே பிரதமராக இருப்பவர், இருவரும் போட்டி. இன்று நான் பிரதமரும் இல்லை, நீங்கள் அதிபரும் இல்லை, சமமான இரண்டு வேட்பாளர்கள், அதனால் உங்களை முசே மித்தரான் என்றே கூப்பிடுவேன் என்கிறார் சிராக். ‘முழுக்க முழுக்கச் சரி, பிரதமர் அவர்களே’ என்கிறார் மித்தரான். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பாதகமில்லை. வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், பார்த்துவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.